நீ இரண்டாம் முறை கேட்கவில்லை

மகனே,

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரத்தில் மூன்று ஞாயிறுகள் வாசிக்கவேண்டிய உன் கல்யாண அறிக்கையைப் போதகர் முதல்முறையாக வாசித்தார். உன் பெயர், என் பெயர், பெண்ணின் பெயர், அவள் தகப்பனாரின் பெயர், இரண்டு சபைகளின் பெயர். இவ்விருவரும் இணைவதற்கு நியாயமான தடை எதையேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்ற வழக்கமான வாக்கியத்தையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். யாரும் எழுந்து நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. அந்தப் பெண்ணிடம் எனக்குத் தடை எதுவும் இல்லை. உன்னிடம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல ஆலயத்தில் இடமில்லை. ஆகவே எழுதுகிறேன். இன்னும் இரண்டு ஞாயிறுகள் மீதமிருக்கின்றன.

வட்டக்கோட்டைக்கு அருகில் நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்ட படங்களைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தாய். முப்பத்தாறு படங்கள். கடல் நன்றாக இருக்கிறது, கோட்டைச் சுவர் நன்றாக இருக்கிறது, காற்றில் பறக்கும் அந்தச் சிவப்புத் துணி எதற்கென்று எனக்குப் புரியாவிட்டாலும் அதுவும் நன்றாகவே இருக்கிறது. உன் அம்மா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன், வேறொரு காரணத்துக்காக. அந்தப் படங்களில் இல்லாத ஒன்றை நான் தேடிக்கொண்டிருந்தேன். உன் வயதில் பொருளாதாரத்தில் முதுகலைத் தேர்வு எழுதியவன் நான். வாய்ப்புச் செலவு என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். ஒரு வயலில் நெல்லையும் போட்டு அதே பருவத்தில் வாழையையும் வைக்க முடியாது. வாழையை வைத்தவன் செலவிட்டது கன்றின் விலையை மட்டுமல்ல, அவன் அறுக்காமல் போன நெல்லையும்தான் என்று எழுதினேன். முழு மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண்ணை நம்பி, எனக்கு அந்த விஷயம் தெரியும் என்று முப்பது ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். அறுக்காமல் போன நெல் யாருடையது என்ற கேள்வி தேர்வில் கேட்கப்படவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை ஜெபா செவிலியர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தன் சம்பளத்தில் ஜெர்மன் மொழி படித்துவந்தது உனக்குத் தெரியும். காலை ஷிப்டு முடித்து, மாலை ஐந்திலிருந்து ஏழு வரை வடசேரியில் வகுப்பு. மூன்று நிலைகளை முடித்திருந்தாள். நான்காவதையும் முடித்தால்தான் அந்நாட்டு மருத்துவமனைகள் நேர்காணலுக்கே அழைக்கும். வீட்டில் எல்லாப் பொருள்மீதும் அதன் ஜெர்மன் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதித் துண்டுச் சீட்டாக ஒட்டுவது அவள் வழக்கம். கதவில் 'ட்யூர்' இருந்தது. உப்பு ஜாடியில் 'ஸால்ட்ஸ்' இருந்தது. உன் அம்மாகூட "ஏட்டி, அந்த ஸால்ட்ஸ இஞ்ச எடு" என்று சொல்லும் அளவுக்கு வந்திருந்தாள். இரண்டு மாதங்களுக்கு முன்பு புதிய சீட்டுகள் வருவது நின்றது. கடைசியாகச் சீட்டு ஒட்டப்பட்டது அலமாரியில் இருந்த ஒரு கரண்டியில். அதன்பின் ஒன்றும் இல்லை. ஆனால் ஜெபா மட்டும் தினமும் ஏழரை மணிக்கே வீடு திரும்பினாள், வகுப்பிலிருந்து வருவதாகச் சொல்லி.

நான் சந்தேகப்படும் மனிதன் என்பதை நீ அறிவாய். அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பிறர் எழுதிய கோப்புகளைச் சரிபார்த்தவனுக்கு வேறு குணம் வர வாய்ப்பில்லை. இதுவரை அந்தக் குணத்தைப் பற்றி வெட்கப்பட்டதில்லை. இப்போது கொஞ்சம் வெட்கம். நான் முதலில் அவள் பையைத் திறந்து பார்த்தேன். பாடப் புத்தகம் இல்லை. ஒரு பொட்டலம் பஞ்சும் கையுறைகளும் இருந்தன. பிறகு வகுப்பு நடக்கும் இடத்துக்கே போய் விசாரித்தேன். அவள் வந்து ஏழெட்டு வாரம் ஆகிறது என்று அங்கிருந்த பெண் சொன்னாள். ஒரு தகப்பன் அந்தப் படிக்கட்டில் இறங்கும்போது என்ன நினைப்பானோ அதையே நானும் நினைத்தேன். யாரோ ஒருவன் இருக்கிறான் என்று. அவன் யார், என்ன சபை, என்ன வேலை என்பதுவரை வடசேரி பேருந்து நிலையத்துக்கு நடந்து வருவதற்குள் கற்பனை செய்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து பின்தொடர்ந்தேன். அவள் கோட்டாறில் இறங்கி, ஒரு குறுகிய தெருவில் பச்சைக் கதவுள்ள பழைய வீட்டுக்குள் போனாள். எதிரே ஒரு பேரீச்சம்பழக் கடை இருந்தது. காரணமில்லாமல் நிற்பவனை அந்தத் தெரு உற்றுப்பார்க்கும் என்பதால் முதல் நாள் அரைக் கிலோ வாங்கினேன். இரண்டாம் நாளும் வாங்கினேன். மூன்றாம் நாள் கடைக்காரர் தராசில் கை வைத்தபடியே கேட்டார்: "சார், மூணு நாளா வாறிய. பழத்த மட்டும் வாங்குதிய, கண்ணு எதிர்வீட்டுலேயே இருக்கு. அந்த வீடு விலைக்கில்ல, பாத்துக்கிடுங்க." பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். "இல்லண்ணே, சாருக்குச் சர்க்கரை கொறவா இருக்கும்போல" என்றார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது பச்சைக் கதவு திறந்தது. ஜெபா என்னை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

"அப்பா இஞ்ச என்ன செய்யுதிய?"

"பேரீச்சம்பழம் வாங்க வந்தேன்."

"நேத்தும் வாங்கினிய. முந்தாநாளும் வாங்கினிய." பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "ஆராவது பயலுன்னு நெனச்சியளா? அவருக்கு எழுவத்தெட்டு வயசு. காலுல சர்க்கரைப் புண்ணு. தெனமும் கெட்டு மாத்தணும், ஊசி போடணும். கட்டிலவிட்டு எறங்கமாட்டாரு, பின்னே எங்கூட எங்க ஓடுவாரு."

முதலில் எனக்குள் பரவியது நிம்மதி. அதை மறைக்காமல் எழுதுகிறேன். என் மகள் யாருடனும் போகவில்லை என்ற மலிவான நிம்மதியோடு வடசேரி வரை அவளோடு நடந்தேன். பேருந்துக்காக நிற்கும்போதுதான், வகுப்பை விட்டுவிட்டு ஏன் இந்த வேலை என்று கேட்கத் தோன்றியது. கட்டணம் இல்லை, அதைச் சம்பாதிக்கத்தான் என்றாள். கட்டணத்துக்கென்று எடுத்துவைத்திருந்த நாற்பதாயிரம் எங்கே என்றேன். அவள் பேருந்து வருகிறதா என்று பார்த்தாள். நான் விடவில்லை. கடைசியில் கைபேசியைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

நீ எழுதியதை உனக்கே மீண்டும் எழுதுகிறேன். "ஏட்டி, போட்டோக்காரனுக்குக் குடுக்கணும். அப்பாகிட்ட கேட்டா ஒரு மணிக்கூர் பொருளாதாரம் எடுப்பாரு. உங்கிட்ட நாப்பது இருக்குமா?" அவள் எழுதியிருந்தாள்: "இருக்குண்ணே." நீ: "உனக்குக் கிளாசுக்கு வேண்டாமா?" அவள்: "அடுத்த பேட்ச்ல சேந்துக்கிடலாம். பரவாயில்ல." அதற்கு நீ அனுப்பியது ஒரு கட்டைவிரல். அதன்கீழே மூன்று நாள் கழித்து முப்பத்தாறு படங்கள்.

அடுத்த பேட்ச் எப்போது முடியும் என்று நீ கேட்கவில்லை. அது முடிவதற்குள் இந்த ஆண்டுக்கான நேர்காணல் முடிந்துவிடும். கட்டணத்தை மீண்டும் சேர்க்க அவள் தேர்ந்த வழியையும் கொஞ்சம் பார். மாலை ஐந்து முதல் ஏழு வரை. வகுப்புக்கான பணத்தைச் சம்பாதிக்க அவள் வகுப்பின் நேரத்தையே விற்றுக்கொண்டிருந்தாள். என் பாடப் புத்தகங்களில் இவ்வளவு துல்லியமான உதாரணம் ஒன்றுகூட இல்லை.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. கெட்டவனாக இருந்தால் நீ கேட்டிருக்கவே மாட்டாய். நீ கேட்டாய். ஒரே ஒரு முறை கேட்டாய். கிடைத்த பதில் உனக்கு வசதியாக இருந்தது. வசதியான பதிலைச் சந்தேகிக்கும் பழக்கம் உனக்கு இல்லை. ஒரு மேசை வாங்கினால் நான்கு கடைகளில் விலை கேட்கிறவன் நீ. கைபேசி வாங்க இருபது பேரின் கருத்தைப் படிக்கிறவன். "பரவாயில்ல" என்ற ஒரு சொல்லை மட்டும் விலைச்சீட்டைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டாய். பேருந்தில் இருந்தபடியே உன்னை அழைத்துப் பேச எண்ணை அழுத்தினேன். பிறகு நிறுத்திவிட்டேன். கத்தினால் நீ மன்னிப்புக் கேட்பாய், பணத்தை அன்றே அனுப்பிவிடுவாய், அத்தோடு உன் மனம் இலேசாகிவிடும். உன் மனம் அவ்வளவு சீக்கிரம் இலேசாக வேண்டியதில்லை என்று தோன்றியது.

இனி நான் எழுதப்போவது உன்னைவிட என்னைச் சேர்ந்தது. உனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாம் மாடி கட்டினோம். ஏன் கட்டினோம் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குப் பெண் பேசியபோது உன் அம்மாவின் வீட்டார் நம் பக்கத்து வழக்கப்படி வீடு காண வந்தார்கள். மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பு அவன் வீட்டின் அறைகளை எண்ணும் வழக்கம் அது. அவர்களில் ஒருவர் வெளியே போகும்போது, "பயலுக்குப் படிப்பு உண்டு. வீட்டுக்குத்தான் ஒரு மாடி இல்லாமப் போச்சு" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பத்து ஆண்டுகள் சுமந்தேன். உன்னைப் பார்க்க வருகிறவர்கள் அதைச் சொல்லக் கூடாது என்று, எட்டு வயதுப் பையனின் கல்யாணத்துக்காக மூன்று அறைகளை மேலே எழுப்பினேன். பொருளாதாரம் படித்தவன் செய்த காரியம் இது. இந்த மாவட்டத்தில் ஆள் ஏறாத மாடி நம் வீட்டில் மட்டும் இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

சிமெண்ட் வந்திறங்கிய அதே வாரத்தில் உன் அம்மாவுக்கு பி.எட். படிப்பில் இடம் கிடைத்தது. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. நான் நியாயமான மனிதன் என்று என்னைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இருந்ததால் அவளிடம் கேட்டேன். "பி.எட். போணுமா, இல்ல மாடி கெட்டுவமா? நீயே சொல்லு." அவள் சொன்னாள்: "மாடி கெட்டுங்க. படிப்பு எப்ப வேணும்னாலும் படிக்கலாம்லா." கேட்டுத்தான் செய்தேன் என்ற பெருமையோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்தேன். இந்த ஆண்டு உனக்குப் பேசிய பெண் வீட்டார் வீடு காண வந்தபோது பெண்ணின் தகப்பனார் மாடி ஏறினார். வற்றல் மிளகாய் காயும் ஒரு அறை, உடைந்த நாற்காலிகள் கிடக்கும் ஒரு அறை, ஒன்றுமே இல்லாத ஒரு அறை. மூன்றையும் பார்த்தார். "காத்து நல்லா வருது" என்றார். இறங்கிவிட்டார். உன் அம்மா இருபது ஆண்டுகள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்ததற்கு நமக்குக் கிடைத்த வரவு அந்த ஒரு வாக்கியம்.

ஜெபாவின் கைபேசியைப் பார்த்த மறுநாள் காலையில் உன் அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அன்னைக்கு நான் கேட்டப்ப நீ மனசறிஞ்சுதான் மாடி போதும்னு சொன்னியா?" என்றேன். அவள் கையை நிறுத்தவில்லை. கோபமும் இல்லை.

"நீங்க கேக்கும்போது உங்க கைல சிமெண்டுக்காரன் ரசீது இருந்துது."

"இருந்தா என்ன? நீ வேண்டாம்னு சொல்லிருந்தா நான் நிறுத்திருப்பேன்லா."

"ரசீதோட வந்து கேக்குத ஆளுகிட்ட என்ன சொல்ல?" என்றாள். பிறகு, "நீங்க கேட்டதே பெரிசுன்னு நெனச்சேன் அப்ப. எங்க அப்பா அதுகூடக் கேட்டிருக்கமாட்டாரு" என்று உள்ளித் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் கேட்டு வந்த பதில்கள் ஒவ்வொன்றையும் சந்தேகிக்கிறேன். அவளுக்கு மலிவான சாளை மீன்தான் பிடிக்கும் என்று நாம் எல்லோரும் நம்பினோம். விருந்தாளி வந்தால் நெய்மீன் வாங்குவோம். அவள் தனக்கென்று நேற்றைய சாளைக் குழம்பைச் சூடாக்கிக்கொள்வாள். "எனக்கு இதுதான் இஷ்டம்" என்பாள். சென்ற செவ்வாய்க்கிழமை, விருந்தாளி யாரும் வராத நாளில், நெய்மீன் வாங்கி வந்து நானே வறுத்தேன். மோசமாகத்தான் வறுத்தேன். இரண்டு துண்டுகள் சாப்பிட்டாள். மூன்றாவதை எடுப்பதற்கு முன்பு என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் உனக்கு விவரிக்கப்போவதில்லை. உன் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் உனக்கே தெரியும்.

கல்யாணம் ஆகப்போகிறவன் என்பதால் இதைக் கேட்டுக்கொள். கையில் இருப்பது ஒரு தொகைதான். அது உன் சம்பளமாக இருந்தாலும், இருவர் சம்பளமாக இருந்தாலும், அதற்கு ஓர் எல்லை உண்டு. நீ ஒன்றை வாங்கும்போதெல்லாம் வேறொன்று வாங்கப்படாமல் போகிறது. அலுவலகம் விட்டு வரும் வழியில் குடிக்கும் காப்பிக்கும் இது பொருந்தும், தவணையில் எடுக்கும் வண்டிக்கும் பொருந்தும். இந்த அளவுக்கு எந்தப் புத்தகமும் சொல்லும். புத்தகம் சொல்லாததை நான் சொல்கிறேன். தனியாக வாழ்கிறவன் ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை இழப்பவனும் அவனேதான். வீடு என்று வந்த பிறகு தேர்பவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர். இழப்பவர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இழப்பார். ஆகவே "இது நமக்குக் கட்டுப்படியாகுமா" என்று கேட்பதோடு நிற்காதே. இது வந்தால் எது வராமல் போகிறது, வராமல் போவது யாருக்கு வரவேண்டியது என்று கேள். உன் பொருள் மட்டும் வந்துகொண்டிருந்து, வராமல் போவது எப்போதும் ஒரே ஆளுடையதாக இருந்தால், அந்த வீட்டில் கணக்குத் தவறாமல் ஒரு திருட்டு நடந்துகொண்டிருக்கிறது. சலுகை விலை என்றாலும் சந்தேகப்படு. பாதி விலைக்குக் கிடைத்தது என்பாய். மீதிப் பாதியை யார் கொடுத்தது என்று பார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் நம் பக்கத்தில் வைக்கும் வரவேற்புக்காக நீ பேசியிருந்த குளிரூட்டிய மண்டபத்தையும், மேடைக்கு வரவழைக்கவிருந்த பூ அலங்காரத்தையும் ரத்து செய்துவிட்டேன். ஆலயத்துக்குப் பக்கத்திலுள்ள சபை மண்டபத்தில் வரவேற்பு நடக்கும். மின்விசிறி இருக்கிறது. சாப்பாட்டில் ஒரு கறிகூடக் குறையாது. கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பாது என்று மண்டபத்தார் சொன்னார்கள்; முன்பே பேசிக்கொண்டதுதான், அவர்கள்மீது குறையில்லை. நீ முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்று தெரியும். மண்டபத்தில் விருந்து வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்தப் பணம் போனதுதான். போனதைக் காப்பாற்றுவதற்காக இன்னும் நிறையப் போடுவதுதான் நான் மாடி கட்டிய கதை. உன் மாமனாருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். "செரி, வெயில் கொறஞ்ச பொறவு வைங்க" என்றார். அவரையும் நான் கொஞ்சம் சந்தேகிக்கிறேன். ஆனால் அதைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் ஜெபாவிடம் போனேன். அவளிடம் நான் முன்பே இரண்டு முறை கேட்டிருந்தேன். பேருந்து நிலையத்தில் கேட்டபோது "பரவாயில்லப்பா" என்றாள். மறுநாள் கேட்டபோது "அண்ணனுக்குக் கல்யாணம் முடியட்டும்" என்றாள். மூன்றாம் முறை மண்டபத்தை ரத்து செய்துவிட்டு, என் கையில் ரசீதோ கைபேசியோ எதுவும் இல்லாமல் போய் நின்றேன். நீ வேண்டாம் என்று சொன்னாலும் அந்த மண்டபம் இனி வராது, உன் அண்ணன் எப்படியும் கோபப்படுவான், ஆகவே யாருக்காகவும் பதில் சொல்ல வேண்டாம் என்றேன். "இந்த பேட்ச்ல சேரணுமா, மக்ளே?"

தேநீர் குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். "சேரணும்ப்பா" என்றாள். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, "ரொம்ப சேரணும்" என்றாள்.

மண்டபத்துக்கென்று வைத்திருந்த பணத்தில் கட்டணம் கட்டி, திங்கட்கிழமை தொடங்கிய பேட்ச்சில் சேர்ந்துவிட்டாள்; நேர்காணல் இனி அடுத்த ஆண்டுதான். கோட்டாறு பெரியவருக்கு இப்போது காலையில், ஷிப்டுக்கு முன்பு போய்க் கட்டு மாற்றுகிறாள். அவரை விட முடியாது என்கிறாள். அதையும் நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நேற்று மாடிப்படியின் கைப்பிடியில் ஒரு புதிய சீட்டு ஒட்டியிருந்தது. 'ட்ரெப்பெ' என்று எழுதியிருந்தது. அந்தப் படியை யாரோ ஒரு காரணத்துக்காகக் கவனித்தது அநேகமாக இதுவே முதல் முறை.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் மற்றவர்களும் படிக்கும்படி வெளியிடுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் ஒரு கட்டைவிரலோடு முடித்துவிடுவாய் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. வேறு வீடுகளில் உன்னைப் போலவும் என்னைப் போலவும் ஒரு முறை மட்டும் கேட்டவர்கள் இருப்பார்கள் என்ற சந்தேகமும் உண்டு. வெளியிடலாமா என்று ஜெபாவிடமும் உன் அம்மாவிடமும் கேட்டேன். எத்தனை முறை கேட்டேன் என்பதை நீ ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் அறிக்கை வாசிக்கும் ஞாயிறுக்கு நீ ஊருக்கு வருகிறாய். வா. என்மீது கோபம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா. அதற்கு இங்கே இடம் இருக்கிறது, மாடியில் மூன்று அறைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. நாற்பதாயிரத்தை உன் தங்கை கையில் கொடு. எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதை நீயே யோசித்துக்கொள். ஒன்றை மட்டும் செய்யாதே. அவள் எதிரில் நின்று, "உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்காதே. பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள்.

உன் அப்பா